சிப்பாய்க்குப் பத்து நாள் கெடு

மாட்டுக் கொட்டகையில் என் மாமனார் குந்தியிருக்கிறார். மழுமழுவென்று மொட்டை. அதில் அப்பிய சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. கையில் ஒரு செம்பு தண்ணீர். எதிரே, முளைக்குச்சியில் கட்டுண்டு என் நாய் சிப்பாய். மாமனார் நாயின் வாயையே பார்க்கிறார். நாயோ அவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறது.

செம்பை அதன் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மாமனாருக்கு வியர்த்துவிடுகிறது.

விழுப்புரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். கல்யாணப் பந்தலோ பட்டுப் புடவையோ வராது. இப்போது நினைத்தால் சிரிப்பு. அப்போது சிரிக்கவில்லை, அழுதேன்.

போன வாரம் எங்கள் வீட்டுக் கோழிகளைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “நாய் வளர்த்ததில்லையா அம்மா? வளர்த்திருந்தால் அதற்கு என்ன கொடுத்தீர்கள்?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். வளர்த்தேன். என்ன கொடுத்தோம் என்பதையும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பண்டத்தைக் கண்டுபிடித்த பெருமை என்னுடையது இல்லை. அது என் மாமியாருக்குப் போக வேண்டியது.

நாய்ப் பெட்டியில் வந்த சீர்

என் பிறந்த வீடு திண்டிவனத்துக்குப் பக்கம். மல்லாட்டைக் கொல்லை (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்), ஒரு கிணறு, நான்கைந்து ஆடு. சிப்பாய் அங்கேதான் பிறந்தது. யுத்தம் தொடங்கி ஊரில் காக்கிச் சட்டைகள் நடமாட ஆரம்பித்திருந்த சமயம். குட்டியும் காக்கி நிறமாக இருந்ததால் அந்தப் பெயர் வைத்தோம். வீரத்துக்காக வைத்த பெயர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இடி இடித்தால் என் புடவைத் தலைப்புக்குள் புகுந்துகொள்கிற சிப்பாய் அது.

கல்யாணமாகி நான் விழுப்புரம் வந்த பிறகு அது சரியாகச் சாப்பிடவில்லையாம். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த என் அண்ணன், அதை ரயிலேற்றிக் கொண்டுவந்துவிட்டான். அந்தக் காலத்தில் கார்டு இருக்கிற வண்டியில் நாய்க்கென்றே கம்பிக் கதவு போட்ட ஒரு பெட்டி உண்டு. ஜங்ஷனில் கதவைத் திறந்ததும் அது பிளாட்பாரத்து ஜனங்களை இடித்துக்கொண்டு வந்து என் மேல் தாவியதில் என் தலையிலிருந்த பூ எங்கே போனதென்றே தெரியவில்லை.

மருமகளுக்குச் சீராகப் பசுவும் கன்றும் வருவதுண்டு, இந்த வீட்டுக்கு நாய் வந்திருக்கிறது என்று தெருவே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலிருந்து மூட்டை ஏற்றும் மாட்டு வண்டிகள் இரண்டு வைத்திருந்தார். கழுத்தில் புண் உள்ள மாட்டை நுகத்தில் பூட்ட மாட்டார். வண்டிக்காரன் ஒருவன் தார்க்குச்சியால் மாட்டைக் குத்தினான் என்று அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்தியவர். கோடையில் மாடுகள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை தம் வாயில் மோரை வைக்க மாட்டார். ஆனால் நாய் மட்டும் அவருக்கு ஆகாது. சுத்தம் போய்விடும் என்பார். மாட்டுக்கு மகராசன், நாய்க்கு எமன் என்று என் வீட்டுக்காரர் அவர் காதில் விழாமல் சொல்வார்.

சிப்பாய் வாசற்படி தாண்டக் கூடாது, கிணற்றடிக்கு வரக் கூடாது, அவர் பூசை செய்யும்போது குரைக்கக் கூடாது. முதல் இரண்டையும் அது கேட்டுக்கொண்டது.

கவிச்சி விட்ட வீடு

நான் வருவதற்கு மூன்று நான்கு வருஷம் முன்னால் அவருடைய மாடுகளுக்குக் கோமாரி கண்டிருக்கிறது. மாடு பிழைத்தால் கவிச்சியை விட்டுவிடுகிறேன் என்று மயிலம் முருகனிடம் வேண்டிக்கொண்டார். நான்கும் பிழைத்தன. மீன், கறி, முட்டை எல்லாவற்றையும் அன்றோடு விட்டார். வேண்டிக்கொண்டவர் அவர் ஒருவர். விட வேண்டியிருந்தது வீடு முழுக்க.

இதில் யோகம் அடித்தது ஆறு கோழிகளுக்கு. போன வாரம் எழுதினேனே, அவைதான். குழம்புக்குப் போக வேண்டியவை பென்ஷன் வாங்குகிற உத்தியோகஸ்தர்கள் மாதிரி தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தன. கடைசி கடைசியில் முட்டையிடுவதையும் மறந்துவிட்டன. அவற்றுக்கும் கேப்பை இறைத்துவிட்டுத்தான் மாமனார் வண்டி பூட்டுவார்.

நான் திண்டிவனத்தில் மீன் குழம்பில் வளர்ந்தவள். வாயைக் கட்டிக்கொண்டேன். சிப்பாய்க்குக் கேப்பைக் கூழும் மோரும் வைப்பேன். அது மரியாதைக்கு இரண்டு நக்கு நக்கிவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் தோட்டத்துப் படலைத் தாண்டி வெளியே போகும். மத்தியானம் வயிறு புடைக்கத் திரும்பி வந்து வேப்பமர நிழலில் படுத்துத் தூங்கும். இந்த ஊர்க் காற்று அதற்கு ஒத்துக்கொண்டது என்று நினைத்தேன்.

அதே நேரத்துக்கு என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், லெவல் கிராசிங் கேட் வீட்டு அஞ்சலையிடம் முறம் வாங்கப் போவார். தினமும் போவார். எங்கள் வீட்டிலேயே இரண்டு முறம் இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

யாருய்யா நீ

பங்குனி உத்திரத்துக்கு மாமனார் காவடி எடுத்து மயிலத்துக்கு நடந்தே போவார். அந்த வருஷம் முடி இறக்குவதாகவும் வேண்டுதல். போகும்போது கொண்டை போட்ட குடுமியும் கொடுவாள் மீசையுமாகப் போனார். மூன்றாம் நாள் பாசஞ்சரில் திரும்பினார். ரயிலடியிலிருந்து வரும் குறுக்குப் பாதை எங்கள் தோட்டத்துப் படலில் வந்து முடியும். அந்த வழியாகவே வந்தார்.

சிப்பாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். முன்பின் பார்க்காத மொட்டை மனிதர். மீசை இல்லை. மஞ்சள் வேட்டி. சந்தனமும் விபூதியும் சாம்பிராணியும் கலந்து ஒரு புது வாசனை. கையில் தடி வேறு. அவர் படலைத் தள்ளிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நேராகப் போகிறார். வாழ்நாளில் முதல் தடவையாக சிப்பாய் தன் பெயருக்கேற்றபடி நடந்துகொண்டது.

கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்துவிட்டது.

அலறல் கேட்டு நானும் அத்தையும் ஓடினோம். அத்தை கேட்ட முதல் வார்த்தை, “யாருய்யா நீ?” முப்பது வருஷம் குடித்தனம் செய்தவருக்கே அடையாளம் தெரியவில்லை. நாயைச் சொல்லி என்ன?

அதற்குள் தெரு கூடிவிட்டது. வெறிநாய் என்று யாரோ சொல்ல, ஆளுக்கொரு கழி வந்தது. ஒருத்தி கடிவாயில் மிளகாய்த் தூளை அப்பிவிட்டாள். நான் நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என்னை அடிக்காமல் அதை அடிக்க முடியாது. நல்ல வேளை, பக்கத்துத் தெருவில் இருந்த கம்பவுண்டர் வந்து சேர்ந்தார். மிளகாய் வைத்தவளைத் திட்டினார். சோப்புப் போட்டு, தண்ணீரை ஊற்று ஊற்றென்று ஊற்றிக் காயத்தைக் கழுவினார். பிறகு கழிகளைப் பார்த்தார்.

“அத்த அடிச்சிப் போட்டுட்டா, அதுக்கு வெறி இருந்துச்சா இல்லியான்னு எனுக்கு எப்பிடித் தெரியும்? கட்டிப்போட்டு பத்து நாளு பாருங்க. தின்னுக்கினு குடிச்சிக்கினு நல்லா இருந்தா ஊசி வேணாம். தீனி தண்ணிய விட்டுச்சுன்னா ஜல்தியா கடலூருக்குப் போயிடணும். பதினாலு ஊசி. வயித்துல.”

“வயித்துலயா?” என்று மட்டும் கேட்டார் மாமனார்.

கழிகள் இறங்கின. மாமனார் தீர்ப்புச் சொன்னார். நாய் சாப்பாட்டை விட்டால் அடித்துவிட வேண்டியது. பத்து நாளும் நன்றாக இருந்துவிட்டால், வந்த மாதிரியே நாய்ப் பெட்டியில் ஏற்றித் திண்டிவனத்துக்கு அனுப்பிவிட வேண்டியது. ஆக, சிப்பாய் பிழைத்தாலும் எனக்கு இல்லை. எப்படியாவது பிழைக்கட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன்.

செம்பும் சட்டியும்

இப்படித்தான் முதலில் சொன்ன காட்சி நடந்தது. நாயைக் கண்டால் காத தூரம் போகிறவர், மூன்று வேளையும் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். வெறி பிடித்த நாய் தண்ணீருக்குப் பயப்படும் என்று கேள்விப்பட்டிருந்ததால், செம்பைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. நம் முகத்துக்கு நேரே ஒருத்தர் நாள் முழுக்கச் செம்பை நீட்டிக்கொண்டிருந்தால் நாமும்தான் திரும்பிக்கொள்வோம். அவர் எழுந்து போனதும் அது சட்டியிலிருந்து தண்ணீர் குடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். சொன்னேன். நாயின் கட்சிக்காரி சாட்சி செல்லவில்லை.

கயிறு கழுத்தை அறுக்காமலிருக்க என் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். மறுநாள் பார்த்தால், வெயில் விழாத பக்கமாக முளைக்குச்சியை யாரோ பிடுங்கி மாற்றி அடித்திருந்தார்கள். நான் செய்யவில்லை. கேட்டதற்கு, மாட்டுக்கு இடைஞ்சலாக இருந்தது என்றார் மாமனார்.

ஆனால் சாப்பாடு? கூழ் வைத்தோம், தொடவில்லை. பால் சோறு வைத்தோம், தொடவில்லை. மூன்றாம் நாள் மாமனார் மயிலத்துப் பிரசாதமாகக் கொண்டுவந்த பஞ்சாமிர்தத்தையே ஒரு இலையில் வைத்து நீட்டினார். மோந்து பார்த்துவிட்டுத் தலையை முன்னங்காலில் வைத்துக்கொண்டது. சாமி பிரசாதத்தையே ஒதுக்கினால் இது வெறியேதான் என்று தெருவில் முடிவுகட்டிவிட்டார்கள்.

நான்காம் நாள் விலா எலும்பு தெரிந்தது. மாமனார் தயங்கித் தயங்கிக் கையை நீட்டி, முதல் தடவையாக அதன் காதைத் தொட்டார். மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் அவர் காதைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

“சில்லுனுதான் இருக்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருந்தாலும் பயம் யாரை விட்டது? மறுநாள் காலை கடலூர் வண்டிக்குப் போவதென்று ஏற்பாடாயிற்று. அத்தை அவருடைய வேட்டி துண்டுகளைப் பையில் எடுத்து வைத்தார். வண்டிக்காரர்களில் ஒருவர் நல்ல கழியாக ஒன்று கொண்டுவந்து கொட்டகைச் சுவரில் சாத்திவைத்தார். காலையில் இவர் ரயிலுக்குப் போனதும் அது நடக்கும்.

அந்தக் கழியைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அதுவரை மாமனாருக்கு எதிரே நின்றுகூடப் பேசாதவள், “நீங்க மொட்ட போட்டுக்கினு வந்ததுக்கு அது இன்னா மாமா பண்ணும்?” என்று கேட்டேவிட்டேன்.

மாமனார் தம் தலையைத் தடவிக்கொண்டார்.

அத்தை சொன்னது

பையைக் கட்டிக்கொண்டிருந்த அத்தை அதை அப்படியே தரையில் வைத்தார். புடவைத் தலைப்பை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார்.

“அதுக்கு வெறியும் இல்ல ஒண்ணும் இல்ல. கருவாடு இல்லாம ஏங்கிக் கெடக்குது.”

“உனுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் மாமனார்.

“எனுக்கும் அதே ஏக்கந்தான்.”

பிறகு எல்லாம் வெளியே வந்தது. அஞ்சலை வீட்டில் தினமும் கருவாடு சுடுவார்கள். அத்தை அங்கே உட்கார்ந்து கேப்பைக் களியோடு ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, வாயைப் புளி போட்டுக் கழுவிக்கொண்டு, கையில் ஒரு முறத்தோடு வீட்டுக்கு வருவார். சிப்பாய் வந்த மூன்றாம் நாளே அந்த இடத்தை மோப்பம் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து துண்டு அத்தைக்கு, தலை சிப்பாய்க்கு. நாயைக் கட்டிப்போட்ட பிறகு, தனியாகப் போய்ச் சாப்பிட அத்தைக்கு மனசு வரவில்லை. சொல்லவும் தைரியம் வரவில்லை. நான்கு நாளாக இருவரும் பட்டினி.

மாமனார் செம்பைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார்.

“எத்தினி வருசமா?”

“நீங்க விட்ட மறுவாரத்துலேர்ந்து.”

“முருகன் கேட்டா இன்னா சொல்லுவ?”

“வேண்டிக்கினது நீங்கதானே” என்றார் அத்தை. தலைப்பை விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் சொல்லிவிட்டார்.

மாமனார் செம்பிலிருந்த தண்ணீரை, நாய்க்காக நான்கு நாளாகச் சுமந்த தண்ணீரை, தாமே மடக்கு மடக்கென்று குடித்தார். பிறகு கேட்டார்:

“அஞ்சல வூட்ல இப்ப இருக்குமா?”

மூன்று செங்கல் அடுப்பு

வாசகி கேட்ட விஷயம் இங்கேதான் வருகிறது. வீட்டு அடுப்பில் கருவாடு ஏறக் கூடாது என்பதால் தோட்டத்து மூலையில் மூன்று செங்கல் வைத்தோம். கருவாட்டை மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்தார் அத்தை. நாய்க்கு உப்பு ஆகாது, இதை மறக்கக் கூடாது. முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு வெறும் சட்டியில் வறுத்து இடித்தார். வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை ஒரு பிடியும் கூட இடித்தார். கேப்பை மாவில் இரண்டையும் கொட்டி, வெந்நீர் விட்டுப் பிசைந்து, ரூபாய்க் காசு அளவில் வில்லையாகத் தட்டிக் கல்லில் போட்டோம். எண்ணெய் கிடையாது, காரம் கிடையாது, வெங்காயம் கிடையவே கிடையாது. இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று ஆகும்வரை சின்னத் தணலில் விட வேண்டும். வெயிலில் காயவைத்தால் ஒரு வாரம் கெடாது.

வாசனை கிளம்பியதும் கொட்டகையில் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. தென்னை ஓலைக்கு அடியில் தூங்கிய கோழிகள்கூட எழுந்து வந்துவிட்டன.

முதல் வில்லையை மாமனார்தான் கொடுத்தார். துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கையை முடிந்தவரை நீட்டி. சிப்பாய் மோந்தது. கடைவாயில் போட்டுக் கடித்தது. அந்த ‘கறுக்’ சத்தம் எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது. இன்னொன்று. இன்னொன்று. நான்கு நாளாகச் சோர்ந்து கிடந்த வால் தரையை அடிக்க ஆரம்பித்தது. தின்று முடித்து, சட்டியில் வாயை வைத்துச் சளப் சளப் என்று தண்ணீர் குடித்தது. எல்லோர் கண்ணெதிரேயும் குடித்தது.

மாமனார் அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டார். “என் வயிறு பொழச்சிது” என்றார். மூக்கிலிருந்த துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

சாத்திவைத்த கழி அன்றே அடுப்புக்குப் போயிற்று.

மீதி நாட்களில் வில்லை தட்டும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நாங்கள் தட்டினால் ஒரு பக்கம் கருகிவிடுகிறதாம். தம் விரதத்தை அவர் கடைசிவரை விடவில்லை, ஒரு துணுக்குகூட வாயில் வைத்ததில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே அத்தையிடம், “அந்தச் செங்கலு அங்கியே இருக்கட்டும். நாயிக்கு ஆக்கறப்ப நீயும் ஒரு துண்டு போட்டுக்க” என்றார். அத்தை உள்ளே போய் அழுதுவிட்டு வந்தார்.

பத்தாம் நாள்

பத்தாம் நாள் காலை கம்பவுண்டர் வந்தார். நாயின் கண்ணைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், அது சாப்பிடுவதைப் பார்த்தார். மாமனாரின் காலையும் பார்த்தார். புண் காய்ந்திருந்தது. ஊசியும் வேண்டாம், கடலூரும் வேண்டாம், கயிற்றை அவிழ்த்துவிடலாம் என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். நானோ சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். ஏனென்றால் தீர்ப்பின் பாதி இன்னும் பாக்கி இருந்தது. மத்தியானப் பாசஞ்சரில் நாய்ப் பெட்டிக்கு என் வீட்டுக்காரர் சொல்லிவைத்திருந்தார். அப்பா சொல்லைத் தட்ட அவருக்குத் தெரியாது. கூடை நிறைய வில்லை கட்டிவைத்திருந்தேன், திண்டிவனத்தில் ஒரு வாரத்துக்கு வருமே என்று.

மாமனார் முளைக்குச்சியிடம் போய்க் கயிற்றை அவிழ்த்தார். சிப்பாய் உடம்பை ஒரு உதறு உதறிக்கொண்டு நேரே அவருடைய கெண்டைக்காலுக்கு வந்தது. கம்பவுண்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். மாமனார் நகரவில்லை. அது கடித்த இடத்தை மோந்தது, நக்கியது. பிறகு அவர் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

“வண்டிக்கு நேரமாச்சி, நைனா” என்றார் என் வீட்டுக்காரர்.

மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கம்பவுண்டர் பக்கம் திரும்பினார்.

“நீங்க படிச்சவரு. ஆனா எனுக்கு இன்னமோ பத்து நாளுன்றது கம்மியா தோணுது. எதுக்கும் இன்னொரு பத்து நாளு வச்சிப் பாத்துடலாங்களா?”

கம்பவுண்டர் நாயைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கதவிடுக்கில் தெரிந்த என் முகத்தையும் பார்த்தார்.

“பாக்கலாங்க. இதுல அவசரம் இன்னா இருக்குது.”

அந்த இரண்டாவது பத்து நாள் நடந்துகொண்டிருக்கும்போதே யுத்தம் முடிந்தது. எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. சுதந்திரம் வந்து தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள், சிப்பாயும் ஒன்று வாங்கித் தின்றது. அதன் மூஞ்சி நரைத்துவிட்டது, மாமனாரின் மீசையும் நரைத்துவிட்டது. தெருவில் யாராவது, “இன்னா பெரியவரே, நாய இன்னும் அனுப்பலியா?” என்று வம்புக்குக் கேட்பார்கள்.

அவர் வில்லையை இரண்டாக உடைத்து, பல் போன சிப்பாய்க்குத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார்:

“இரு, பாத்துக்கினுதானே இருக்கேன்.”